ஸ்டேஷன் தாத்தாவுக்கு நிழல் ஆகாது

பாங் தக்கியன் மெட்ரோ நிலையத்தில் மேலே ஏறுகிற எஸ்கலேட்டர் படுத்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. பக்கத்திலேயே கீழே இறங்குகிற எஸ்கலேட்டர் மட்டும், மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இறங்குவதற்கு யாரும் துணை கேட்கவில்லை. அந்த வேலையைப் பூமி காலங்காலமாக இலவசமாகவே செய்துவருகிறது.

நிலைய மேலாளர் பிராமோத் தினமும் காலையில் செத்த எஸ்கலேட்டரின் அடியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார். பயணிகளும் பதிலுக்குக் கைகூப்பி, சிரித்த முகத்தோடு திட்டிவிட்டுப் படியேறுவார்கள். பாங்காக்கில் எவ்வளவு கோபம் வந்தாலும் முகத்தில் காட்டுவது அநாகரிகம். அதனால் சிரிப்பு எவ்வளவு அகலமோ வசவு அவ்வளவு ஆழம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். முட்டிவலிக்காரப் பெண்மணி ஒருத்தி ஒருநாள் காதுவரை சிரித்தாள். பிராமோத்துக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

எஸ்கலேட்டர் மேல் அவருக்குத் தனிப்பாசம் எதுவும் கிடையாது. அவருக்கு வேண்டியது மாற்றல். மனைவி ரச்சனி நகரத்தின் மறுகோடியில் பான் சுவானில் இருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூட வாசலில் குளிர்காப்பி வண்டி போட்டிருந்தாள். பாங் தக்கியன் பாதையின் கடைசி நிலையம். அங்கிருந்துதான் முதல் ரயில் கிளம்பும் என்பதால், அதன் மேலாளர் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதி. பிராமோத் ஒரு டயர் கடையின் மாடியில், ரப்பர் வாசத்தில் குடியிருந்தார். விடுமுறை நாளில் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கப் போனால், பாதி நாள் போகவும் மீதி நாள் வரவும் சரியாக இருக்கும். நடுவில் ஒரு காப்பி. அதையும் அவள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் டம்ளரில்தான் கொடுப்பாள், கையோடு எடுத்துப் போக வசதியாக.

மாற்றல் கேட்டு அவர் எழுதியபோதெல்லாம் தலைமை அலுவலகம் ஒரே பதிலைத்தான் அனுப்பியது. நிலுவையில் உள்ள புகார் தீர்ந்தவுடன் பரிசீலிக்கப்படும். நிலுவையில் இருந்தது ஒரே புகார்தான். அது எஸ்கலேட்டர்.

பழுது பார்க்க வந்தவன் பெயர் பேங்க்; இந்த ஊரில் செல்லப்பெயர்கள் இப்படித்தான் இருக்கும். அவனுடைய தம்பி பெயர் கோல்ஃப். தம்பி லிஃப்ட் துறையில் இருந்தான். பேங்க் ஜெர்மனியில் பயிற்சி எடுத்தவன். எஸ்கலேட்டரின் வயிற்றைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான், மூடினான், கையைத் துடைத்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் இதையே செய்துவிட்டுக் கிளம்பப் பார்த்தபோது பிராமோத் அவன் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மெஷின்ல பெருசா ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப ஏன் ஓடல?"

பேங்க் தாடையால் சாலையோரத்தைக் காட்டினான்.

அங்கே படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒற்றைத் தூணின் மேல், இடத்தைக் காக்கிற ஆவிக்கு இந்த ஊரில் கட்டிக்கொடுக்கிற சாமிவீடு இருந்தது; இது ஸ்டேஷன் தாத்தாவுடையது. புறாக்கூண்டு அளவுதான். உள்ளே ரயில்வே தொப்பியும் பச்சைக்கொடியுமாக ஒரு சின்ன உருவம். எல்லாச் சாமிவீடுகளிலும் போல படையலுக்குச் சிவப்பு சோடா, ஸ்ட்ரா குத்தி வைத்திருந்தது. வேண்டுதலுக்கு மற்ற இடங்களில் பொம்மை யானை, பொம்மை வரிக்குதிரை வைப்பார்கள். இங்கே பொம்மை ரயில்கள். குவியல் குவியலாக, தூணே தெரியாத அளவுக்கு. பட்டணத்தின் மொத்த ரயில்வேக்கும் இவ்வளவு பெட்டிகள் கிடையாது. அந்த ரயில்களின் மேலும், தாத்தாவின் தொப்பியின் மேலும், மெட்ரோ நிலையத்தின் நிழல் ஈரப் போர்வை மாதிரி விழுந்து கிடந்தது.

"கட்டடத்து நெழல் சாமிவீட்டு மேல விழலாமா? நீங்களே சொல்லுங்க" என்றான் பேங்க். "நான் ரிப்பேர் பண்ணிட்டுப் போயிடுவேன். அப்புறம் தாத்தா என் வீட்டுக்கு வந்து நின்னா யாரு பதில் சொல்றது? தலைமை அலுவலகமா?"

"ஜெர்மனில படிச்சப்ப இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா?"

"அங்க தாத்தா இல்லண்ணே."

இதற்கு மேல் தொழில்நுட்பம் பேச பிராமோத்துக்குத் தெரியவில்லை.

தாத்தாவின் கதையை லமாய் அக்கா சொன்னாள். படிக்கட்டுக்கு முன்னால், வெயிலில் உட்கார்ந்து பன்றி இறைச்சிக் குச்சி சுட்டு, பசையரிசிச் சோற்றோடு விற்பவள். விசிறிக்கொண்டே பேசுவாள் என்பதால் அவள் சொல்லும் வரலாறு எப்போதும் புகைமூட்டமாகத்தான் வரும். ஒரு காலத்தில் இந்தச் சாலைதான் ரயில்பாதையாம். உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு, மாடு குறுக்கே வந்தால் மாட்டுக்கு வழிவிட்டு ஓடிய குட்டி ரயில். கடல்வரைக்கும் போவதாகத்தான் திட்டம். பாங் தக்கியன் வந்ததும் கம்பெனியின் கையில் காசு தீர்ந்தது. சரி, இது தற்காலிகக் கடைசி நிலையம் என்று ஒரு பலகை மாட்டி, ஓர் இளம் அதிகாரியை அனுப்பி வைத்தார்கள். பாதை நீண்டதும் உனக்குக் கடலோர நிலையம், காற்றோட்டமான வீடு, அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார்கள்.

அவர் பொறுத்துக்கொண்டார். வருஷத்துக்கொரு தரம் எழுதிக் கேட்டார். வருஷத்துக்கொரு தரம் பதில் வந்தது. கடைசியில் ஒருநாள் பச்சைக்கொடியை ஆட்டியபடியே, நடைமேடையில் சாய்ந்து செத்துப்போனார். பதில் ஆள் வரவில்லை. கொஞ்ச காலத்தில் ரயிலையே மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து விற்று, மேலே தார் ஊற்றிவிட்டார்கள். அவர் யாரிடமும் பொறுப்பை ஒப்படைக்கவில்லை. யாரும் வந்து வாங்கிக்கொள்ளவுமில்லை. எனவே அவர் இன்னும் பணியில்தான் இருக்கிறார் என்பது ஊர்த்தீர்மானம். பணியில் இருப்பவரைத் தெருவில் விடக்கூடாது என்று வீடும் கட்டிக்கொடுத்தார்கள்.

அதே பாதையின் தலைக்கு மேலே மெட்ரோ வந்தது. அதுவும் கடல்வரைக்கும் போவதாகத்தான் திட்டம். அதுவும் பாங் தக்கியனோடு நின்றது, தற்காலிகமாக. நிலையத்துக்குள் மாட்டியிருந்த வரைபடத்தில் இதற்கப்பால் கடல்வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு இருந்தது. வெயில் பட்டுப்பட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டிருந்தன.

"மாத்தல் கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துட்டாரு பாவம்" என்று லமாய் அக்கா முடித்தாள். பிராமோத் நெஞ்சைத் தடவிக்கொண்டார். குச்சியில் மிளகு அதிகம் என்றார்.

மெட்ரோ கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. மண்ணை ஆராய்ந்தார்கள், இரைச்சலை ஆராய்ந்தார்கள், நிலநடுக்கத்தை ஆராய்ந்தார்கள். பன்றித்தலை வைத்துத் தாத்தாவிடம் முறையாக அனுமதிகூடக் கேட்டார்கள். ஆனால் பூசை நடந்த அன்றைக்குக் கட்டடம் இல்லை. கட்டடம் இல்லாததால் நிழலும் இல்லை. எழும்பிய பிறகுதான் அது விழுந்தது.

சாமிவீட்டை நகர்த்த அனுமதி வேண்டி பிராமோத் எழுதினார். தங்கள் சொத்துப் பட்டியலில் அப்படி ஒரு வீடு இல்லை, சாலைக்காரர்களைக் கேட்கவும் என்றது தலைமை அலுவலகம். சாலைக்காரர்கள், தொப்பி போட்டிருப்பதால் அவர் ரயில்வே ஆசாமி என்றார்கள். ரயில்வேயில் ஒரு கிழவர் தொலைபேசியில் வந்து, அந்தப் பாதையை மூடியாயிற்று, ஆகவே தாத்தாவையும் மூடியாயிற்று என்றார். மூன்று இடமும் கைவிரித்த பிறகு பிராமோத் ஒரு முடிவுக்கு வந்தார். யாருடையதும் இல்லாததை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

ஆனால் எங்கே? அதற்குப் பூசாரி வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டார் என்பார்கள். பிராமோத் விஷயத்தில் சாமி வரமும் கொடுக்கவில்லை. பூசாரி சோம்வாங் வெள்ளுடையும் சங்கும் கைபேசியுமாக வந்தார். சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் நகர்ந்து எங்கே நிழல் விழும் என்று அந்தக் கைபேசி சொல்லும். நிலையமோ சாலையின் தலைக்கு மேல் வண்டிப்பாதையோடு நீண்டு கிடந்தது; அதன் நிழல் காலையில் ஒரு பக்கத்துக் கடைகளையும் மாலையில் மறுபக்கத்துக் கடைகளையும் தின்றது. மருந்துக்கடை முன்னால் வைக்கலாமே என்றார் பிராமோத். கடைக்காரருக்கு ஏற்கெனவே ஒரு சாமிவீடு இருந்தது; இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாவிட்டால் தன் வியாபாரம்தான் அடிபடும் என்றார். கழிப்பறைப் பக்கம் ஒரு துண்டு வெயில் இருந்தது. பூசாரி அதைப் பார்த்த பார்வையில் பிராமோத் தானே வாபஸ் வாங்கினார். சாலையின் நடுவில் இருந்தது இன்னொரு துண்டு. அங்கே தாத்தாவை வைத்தால் பேருந்து எண் எதுவாக இருந்தாலும் தாத்தாவின் மேல்தான் ஏறும்.

நடந்து நடந்து பிராமோத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு அலுத்துவிட்டது.

"அப்ப ஆகாசத்துலதாங்க வைக்கணும்" என்றார்.

பூசாரி அண்ணாந்து பார்த்தார். "வைக்கலாமே" என்றார்.

நடைமேடையின் தெற்குக்கோடியில், கூரை முடிந்தபிறகு, கடலைப் பார்த்தபடி கொஞ்சம் திறந்தவெளி இருந்தது. தண்டவாளமும் அங்கேதான் முட்டிக்கொண்டு முடிந்தது. வருஷத்தில் சில வாரம் சூரியன் வடக்கே போகும்போது கூரைநிழல் லேசாகத் தொடும் என்றது கைபேசி. அந்த வெயிலில் அதைக் குடை என்றே தாத்தா எடுத்துக்கொள்வார் என்று பூசாரி சமாதானம் செய்தார்.

பாதுகாப்புத் துறையை யார் சமாதானம் செய்வது? நடைமேடையில் தின்பண்டத்துக்கும் பானத்துக்கும் தடை இருந்தது. சோடா தாத்தாவுக்குத்தானே, அவர் பயணி இல்லையே என்று பிராமோத் வாதாடினார். பயணி அல்லாதவர் நடைமேடையில் நிற்கக்கூடாது என்று பதில் வந்தது. அவர் முன்னாள் ஊழியர் என்று எழுதினார். முன்னாள் என்பதற்கு ஓய்வு ஆணை கேட்டார்கள். ஓய்வு பெறவே இல்லை, இன்னும் பணியில் இருக்கிறார் என்று எழுதினார். அந்தப் பதில் அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது. ஊதுபத்தி மட்டும் மின்சாரத்தில் எரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள்.

நல்ல நேரம் காலை நெரிசலில்தான் வாய்த்தது. பூசாரி சங்கு ஊதினார். ஊழியர்கள், பேங்க், லமாய் அக்கா, மருந்துக்கடைக்காரர் எல்லாரும் கூடினார்கள். பாதிப் பேர் கும்பிட்டார்கள், மீதிப் பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள். மந்திரம் முடிந்து பூசாரி உருவத்தைத் தூக்கினார். வரவில்லை. அத்தனை வருஷத்து சோடா அடியில் வழிந்து காய்ந்து பிசின் மாதிரி பிடித்திருக்கலாம். பூசாரி வேறு மாதிரி நினைத்தார்.

"தயங்கறாரு. பொறுப்புல இருக்கறவங்க யாராச்சும் வாக்குக் குடுக்கணும்."

எல்லாரும் பிராமோத்தைப் பார்த்தார்கள். மேலே ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. வந்த பயணிகள் படியில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பையில் கைபேசி அதிர்ந்தது. எடுக்காமலே தெரிந்தது, தலைமை அலுவலகம். பிராமோத்துக்கு உச்சி மண்டையில் சுர்ரென்றது.

"தாத்தா, கெளம்புங்க. இத்தன வருஷம் நின்னது போதும். ஸ்டேஷன இனிமே நான் பாத்துக்கறேன். தெனம் காலைல என் கையால செவப்பு சோடா வைக்கறேன், சரியா? வாங்க, நேரமாகுது."

உருவம் பொசுக்கென்று கையோடு வந்தது. கூட்டம் ஆவென்றது. தாத்தாவைப் படிவழியாகத்தான் தூக்கிப் போனார்கள், எஸ்கலேட்டர்தான் ஓடவில்லையே. அன்று மத்தியானம் பேங்க் எஸ்கலேட்டரின் வயிற்றுக்குள் கைவிட்டு எதையோ மாட்டினான். அது ஓடியது.

"என்னடா இருந்துச்சு?"

"பெல்ட் அறுந்திருந்துச்சு."

"மொதல்லயே தெரியுமா?"

"தெரியும். ஆனா ஏன் அறுந்துச்சு?" என்று கேட்டுவிட்டு பேங்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

புகார் மூடப்பட்டது. பிராமோத் அன்றே மாற்றல் விண்ணப்பத்தை எழுதி அனுப்பிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே குச்சி வாங்கப் போனார். லமாய் அக்கா நிலக்கரியைக் கிளறியபடி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எத்தன நாளைக்குன்னு சொன்னீங்க தம்பி?"

"எது?"

"சோடா."

பிராமோத்தின் விசில் நின்றது. எத்தனை நாள் என்று அவர் சொல்லியிருக்கவில்லை. அதுதான் கோளாறு.

வேண்டிக்கொள்ளும்போது முடிவு சொல்ல வேண்டும் என்பது இந்த ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். பரீட்சை தேறினால் ஒன்பது சோடா. வீட்டுக்கடன் கிடைத்தால் அவித்த முட்டை, இத்தனை என்று எண்ணிக்கையோடு. குத்துச்சண்டையில் ஜெயித்தால் ஒரு தரம் நடனம், ஒரே ஒரு தரம். முடிவில்லாத வேண்டுதல் என்பது தண்டவாளத்தின் முனையில் தடுப்புக்கட்டை வைக்காத மாதிரி. எதுவரைக்கும் போகும் என்று யாருக்கும் தெரியாது. பிராமோத்தோ கடைசி நிலையத்தின் அதிகாரி. அவரே முடிவு வைக்க மறந்துவிட்டார். போதாததற்கு அந்தக் காட்சியைப் படம் பிடித்தவர்கள், அது ஊர் முழுக்கச் சுற்றுகிறபடி பார்த்துக்கொண்டார்கள்.

தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பிராமோத் சொல்லிக்கொண்டார். விடுமுறை நாளில் சோடாவை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் பான் சுவானுக்கு ரயில் ஏறினார். ரச்சனி காப்பியை நீட்டவும் கைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. எஸ்கலேட்டர் நின்றுவிட்டது. யாராவது அவசரப் பொத்தானை மிதித்திருப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றார் பிராமோத். பார்த்தாயிற்று, பொத்தான் சரியாக இருக்கிறது, பேங்க்கும் வந்து பெல்ட் நன்றாக இருக்கிறது என்கிறான், நீங்கள் "என் கையால" என்றுதானே சொன்னீர்கள் என்று உதவியாளர் பணிவோடு கேட்டார். பிராமோத் திரும்பி வந்தார். சோடாவைத் தன் கையால் வைத்தார். எஸ்கலேட்டர் ஓடியது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. புகார் புதிதாக வந்துவிடும் என்பதில் மட்டும்தான் நம்பிக்கை.

ஆக, இருந்த ஒரு விடுமுறை நாளும் போயிற்று. ரச்சனி தொலைபேசியில் ஒரு வாரம் பொறுத்தாள். அடுத்த வாரம் வண்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தானே கிளம்பி வந்துவிட்டாள். நேராக மேலே ஏறித் தாத்தாவின் முன்னால் நின்று கைகூப்பினாள்.

"தாத்தா, இவரு வாய் சும்மா கெடக்காது. மைக் புடிச்சுப் பழகினவரு, அறிவிப்பு மாதிரி எதையாச்சும் சொல்லிடுவாரு. மனசுல வச்சுக்காதீங்க. நானே ஒரு வண்டி சோடா மொத்தமா வாங்கி வைக்கறேன், இவர விட்டுடுங்க."

பதில் உண்டா என்று பார்க்க அன்று காலை பிராமோத்தை சோடா வைக்கவிடாமல் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்து நின்றது. பிறகு பயணிகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அங்கிருந்தே தெரிந்தது. பிராமோத் சோடாவைத் திறந்தார்.

ரச்சனி அழவில்லை. தாத்தாவிடம் வருகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் பரவிய பிறகு கூட்டம் பெருகியிருந்தது. சீட்டு எடுத்து உள்ளே வந்த பிறகுதான் சோடா வாங்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். பொம்மை ரயில் எங்கே கிடைக்கும் என்று காவலாளியைக் கேட்டார்கள். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்கு வழி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தார்.

கீழே வந்து, சாமிவீடு முன்பு இருந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். படிக்கட்டுக்குப் பக்கம், பேருந்து நிற்கிற இடம், நாள் முழுக்கக் குளுகுளு நிழல். அந்த நிழலுக்குப் பயந்து யாரும் அங்கே கடை போடவில்லை என்றாள் லமாய் அக்கா.

"தாத்தாவுக்குத்தானே நெழல் ஆகாது. மனுசங்களுக்கு நல்லதுதானக்கா?"

லமாய் அக்கா விசிறுவதை நிறுத்தி யோசித்தாள். இத்தனை வருஷமாகத் தான் வெயிலில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காப்பி வண்டி வந்து சேர்ந்தது. குளிர்காப்பி ஒரு பக்கம், ஸ்ட்ராவோடு சிவப்பு சோடா ஒரு பக்கம், பொம்மை ரயில் மூன்று நிறத்தில். டயர் கடை மாடியில் இன்னோர் அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ரப்பர் வாசத்தோடு காப்பி வாசமும் சேர்ந்தது. பிராமோத் காலையில் கண்ணாடி டம்ளரில் காப்பி குடித்தார். பிளாஸ்டிக் இல்லை, கையோடு எடுத்துப் போக வேண்டிய அவசரமும் இல்லை. ஒரு மாதமாக யாரையும் எதற்காகவும் மனதுக்குள் திட்டவில்லை என்பதை அவரே ஒருநாள் கவனித்துச் சந்தேகப்பட்டார்.

அந்தச் சந்தேகம் தீர்வதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. தாங்கள் பலமுறை கோரியபடி, பான் சுவான் நிலையத்துக்கு, உடனடியாக.

பிராமோத் அதை ரச்சனியிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, ஈரம் படாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"போறதுன்னா போங்க. எனக்கு இங்க யாவாரம் இருக்கு."

"நீ அங்க இருக்கன்னுதானே கேட்டேன்."

"நீங்க இங்க இருக்கீங்கன்னுதானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு நீல ரயில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று முழுக்க பிராமோத் ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். வருஷக்கணக்காகக் கேட்டதைக் கொடுக்க மாட்டேன் என்றவர்கள், வேண்டாம் என்று நினைக்கிற நேரம் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சாயங்காலம் தெற்குக்கோடிக்குப் போய்த் தாத்தாவுக்கு எதிரில் நின்றார். கடல் அங்கிருந்து தெரியாது. தெரிகிற மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் இருக்கும். பச்சைக்கொடியோடு தாத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிராமோத்துக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. அறைக்குப் போய் உட்கார்ந்து பதில் எழுதினார்.

மாற்றல் ஆணைக்கு மிக்க நன்றி. ஆனால் இந்நிலையத்தின் முந்தைய அதிகாரி இன்னும் பணியில் இருப்பதைப் பாதுகாப்புத் துறை எழுத்துமூலம் ஏற்றுக்கொண்டுள்ளது. அவரிடமிருந்து பொறுப்பு எனக்கு முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை. வாங்காத பொறுப்பை நான் அடுத்தவருக்கு ஒப்படைக்க வழியில்லை. மேற்படி விஷயம் தீர்ந்தவுடன் தங்கள் ஆணை பரிசீலிக்கப்படும்.

கடைசி வரியை எழுதும்போது அவர் முகத்தில், பயணிகள் எஸ்கலேட்டரின் அடியில் காட்டுகிற அதே அகலத்துக்கு ஒரு சிரிப்பு இருந்தது.

மறுநாள் காலை சோடாவில் ஸ்ட்ராவைக் குத்தி வைத்துவிட்டு, விஷயத்தைத் தாத்தாவிடமும் சொன்னார். ஏறுகிற எஸ்கலேட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கைபேசி அடித்தது. லமாய் அக்கா, நிழலிலிருந்து பேசினாள்.

இறங்குகிற எஸ்கலேட்டர் நின்றுபோய்விட்டதாம். புகார் ஒன்று மறுபடியும் நிலுவையில்.